பொட்டு வைத்த டிஸ்க்

அத்தியாயம் 5

பேய்க்குப் பயப்படுகிறவனைப் பேய் வீட்டுக்குக் கூட்டிப் போகக் கூடாது என்று வில்லியனூரில் ஆரம்பித்த இருசப்பன், பாகூர் தாண்டியும் பேச்சை நிறுத்தவில்லை. பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த சகாயராணி அதைக் காதில் வாங்கவே இல்லை. போலீசில் ஹெட் கான்ஸ்டபிளாக இருந்து, மேலதிகாரிகளோடு ஒத்துப்போகாமல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, வில்லியனூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டிருக்கிற அம்மாள் அவர். வேண்டாத பேச்சு காதில் விழாமல் இருப்பதற்கு இருபது வருஷம் போலீசில் பழகியிருந்தார்.

"மேடம், கடைசியா ஒரு தபா கேக்குறேன். கம்ப்யூட்டர் தானா ஆன் ஆவுதுன்னா சர்வீஸ் ஆளு போவணும். உள்ள ஒக்காந்துகினு யாரோ தட்றாங்கன்னா பூசாரி போவணும். நாம எதுக்குப் போறோம்?"

"நீ சர்வீஸ் ஆளு. உன் பேரு எல்லைய காக்குற சாமி பேரு. ரெண்டு வேலையும் ஒரே சம்பளத்துல முடியுது, வண்டிய ஓட்டுடா."

இருசப்பன் வண்டியை ஓட்டினான். கம்ப்யூட்டர் ரிப்பேரில் கைதேர்ந்தவன்தான். முதுகில் தொங்கிய பையில் ஸ்க்ரூ டிரைவர், கேபிள்கள், லேப்டாப், டிஸ்க் ரிப்பேர் சாப்ட்வேர்கள் அடங்கிய பென் டிரைவ் எல்லாம் இருந்தன. ஆனால் சட்டைக்குள் ஒரு தாயத்தும் இருந்தது. அதை மேடமிடம் சொல்லவில்லை.

கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே ஒற்றைத் தெரு. தை பிறந்து விட்டிருந்தது. ஆனால் அந்தத் தெருவில் ஒரு வாசலில்கூடப் பொங்கல் கோலத்தின் மிச்சம் இல்லை. மாடுகளின் கொம்பில் பெயின்ட் இல்லை. சகாயராணி வண்டியிலிருந்து இறங்கும்போதே அதைக் கவனித்தார். இருசப்பனோ, வாசலில் நின்ற பெண்ணின் இடுப்பில் தொங்கிய ஒற்றைச் சாவியைத்தான் கவனித்தான். பேயை உள்ளே வைத்துப் பூட்டிய சாவி அதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றியதும் சட்டைக்குள் இருந்த தாயத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

புவனேஸ்வரிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அழுது முடித்த முகம். இனி அழ ஒன்றும் மிச்சமில்லை என்கிற மாதிரி நேராகப் பேசினாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதாம்மா தெரியணும். எங்க வூட்டுக்காரர் எதனால செத்தாரு? என் வாய்தான் அவர கொன்னுச்சா, இல்லியா? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க. பேய நான் பாத்துக்கிறேன்."

"மொதல்லேர்ந்து சொல்லும்மா."

அவள் சொன்னாள். ஒரே மகள் அர்ச்சனா, பத்து வயது. ஆடி பிறந்த வாரத்தில் காய்ச்சலில் போய்விட்டது. அப்பன் மணிவண்ணனுக்குச் சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்ட் வேலை. பிள்ளையை எடுத்த படம், வீடியோ எல்லாவற்றையும் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் கொட்டி வைத்திருந்தான். மார்கழியில் அந்தக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தது. யாரையும் கேட்காமல் எதையோ டவுன்லோடு செய்து, ரிப்பேர் என்று போட்டதை அமுக்கிவிட்டான். அது ஓடி முடித்தபோது பிள்ளையின் ஒரு படம்கூட இல்லை.

"பேரெல்லாம் போயி வெறும் நம்பரா கெடந்துச்சிம்மா. எதத் தொட்டாலும் தொறக்கல. எனக்கு வெறி புடிச்சிப் போச்சி. 'புள்ளய ஆஸ்பத்திரில ஒரு வாட்டி பறிகுடுத்தேன், ரெண்டாவது வாட்டி நீ கொன்னுட்ட, நீயும் போய்ச் சேரு'ன்னு சொல்லிட்டு, சோரியாங்குப்பத்துல எங்கம்மா வூட்டுக்குப் போயிட்டேன். மறுநா பொழுது சாஞ்சி, சோரியாங்குப்பம் ரோட்டு வாய்க்கால்ல பைக்கோட கெடந்தாரு. நான் சொன்னா மாதிரியே போய்ச் சேந்துட்டாரு."

"போலீஸ் இன்னா சொன்னாங்க?"

"தானா பாஞ்சிட்டாருன்னாங்க. தமிழண்ணந்தான் ஸ்டேஷன்ல எல்லாம் பேசி முடிச்சிச்சி. தமிழ்க்குமரன். எங்க பெரியம்மா மகன், இதே ஊர்லதான், கரும்புத் தோட்டத்துக்கு அந்தாண்ட வூடு. 'பாப்பா கருமாதிக்கு அப்புறம் நான் அந்த வூட்டுப் படி ஏறல, ஆனா வழில பாக்குறப்பல்லாம் மணிவண்ணன் வெறிச்சி வெறிச்சிப் பாப்பான், இப்பிடி ஆவும்னு தெரியும்'னு எழுதிக் குடுத்துச்சி."

"பேயின்னு மொதல்ல சொன்னது யாரு?"

புவனேஸ்வரி யோசித்தாள். "அதுவும் தமிழண்ணந்தான். அவர் கருமாதி முடிஞ்சதுலேர்ந்து கம்ப்யூட்டர் தானா முழிச்சிக்குது. டக் டக் டக்குன்னு தட்டுது. அவரு வேல முடிஞ்சி வந்தா பைக் சாவியால கேட்டுல அப்பிடித்தான் தட்டுவாரு. அண்ணங்கிட்ட சொன்னேன். 'மிஷின்ல ஏறிட்டான், வூட்டுல வைக்காத, நானே எடுத்துக்கினு போயி எங்கியாவது கடாசிடறேன்'னுச்சி. எனக்கு மனசு வரல. ரூமப் பூட்டிட்டேன்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேன் சுற்றி அடங்கி நின்றது. கரண்ட் போய்விட்டது. மூன்று பேரும் புழுக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் ஒரு ஆடு கத்தியது. எழுந்து ஓடிவிடலாமா என்று இருசப்பன் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஃபேன் மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

பூட்டிய அறைக்குள் பீப் என்று ஒரு சத்தம்.

அப்புறம், டக்... டக்... டக்.

இருசப்பன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். புவனேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். சகாயராணி மட்டும் அறைக் கதவைப் பார்க்காமல், அண்ணாந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய் இருசப்பா, உன் பேய்க்குக் கரண்ட் வேணும்போல இருக்கே."

---

அறையில் மூடிக் கிடந்த நாற்றம். மேஜைமேல் பழைய கம்ப்யூட்டர். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, யாரோ உட்கார்ந்து எழுதுகிற மாதிரி வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துச் சுவரில் பள்ளிக்கூட யூனிபாரத்தில் அந்தப் பிள்ளையின் படம், அதற்குப் பக்கத்தில் அப்பனின் படம். இரண்டிலும் மாலை. இருசப்பனுக்கு நாலு கண்கள் தன் முதுகைப் பார்ப்பது போலிருந்தது. ஆனால் எழுத்தைப் படித்ததும் அவனுக்குள் இருந்த சர்வீஸ் ஆள் முழித்துக்கொண்டான்.

"மேடம், இது பேய் எழுதுறது இல்ல. டிஸ்க் கெட்டுப் போயிருக்கு, சோதன பண்றேன், வேணாம்னா ஒரு பட்டன அமுக்குன்னு கேக்குது. அமுக்க ஆளில்லாம ஒவ்வொரு தபாவும் சோதனய ஆரம்பிச்சி, முடிக்க முடியாம நிக்கிது. அந்த டக் டக்கு, ஹார்ட் டிஸ்க் சாவுற சத்தம். உள்ள ஊசி மாதிரி ஒண்ணு படிக்கப் போயி, முடியாம திரும்பித் திரும்பி வருது."

"தானா ஏன் ஆன் ஆவுது?"

அவன் எதையெதையோ தட்டி, நீலத் திரை ஒன்றைக் கொண்டுவந்து உற்றுப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த கிண்டல் காணாமல் போனது.

"கரண்ட் போயி வந்தா தானா எழுந்துக்கணும்னு செட்டிங் போட்டிருக்கு. வாங்குறப்ப இது இப்பிடி இருக்காது மேடம். யாரோ உள்ள பூந்து மாத்தியிருக்காங்க."

"எதுக்கு மாத்துவாங்க?"

"நீளமான வேல ஓடும்போது மாத்துவாங்க. அழிஞ்ச பைலத் தேடியெடுக்குற சாப்ட்வேர் இருக்கு. ஒரு டிஸ்க்க முழுசா தேட ராவு பகல்னு ஓடும். நம்ம பக்கம் கரண்ட் எப்ப போவும்னு கரண்ட் ஆபீசுக்கே தெரியாது. அதனால கரண்ட் வந்ததும் மிஷின் தானா எழுந்து, விட்ட வேலய புடிக்கணும்னு அக்கா வூட்டுக்காரர்தான் போட்டு வச்சிருக்கார்."

சகாயராணி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். பேசும்போது குரல் தணிந்திருந்தது. "ஏம்மா புவனேஸ்வரி, சாவப் போறவன், தான் போனப்புறம் கரண்ட் வருமா வராதான்னு பாத்து ஏற்பாடு பண்ணிட்டுப் போவானா?"

புவனேஸ்வரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, சுவரிலிருந்த புருஷனின் படத்தைப் பார்த்தாள். நம்ப ஆசை, நம்பப் பயம். ஒருமுறை நம்பி, அது பொய்யாகிவிட்டால் அதற்குமேல் அவளால் தாங்க முடியாது.

"தம்பி," என்றாள் இருசப்பனிடம். "அது போனது போனதுதான? திரும்ப எப்பிடி வரும்?"

"போவலக்கா. பைலுக்குப் பேரு ஒரு எடத்துல இருக்கும், ஒடம்பு இன்னோர் எடத்துல இருக்கும். கெட்டுப் போன டிஸ்க்ல ரிப்பேர் சாப்ட்வேர ஓட்டுனா, அது பேரெழுதின எடத்த சரி பண்றேன்னு சொல்லி மொத்தமா சொதப்பிடும். வூட்டுல எல்லாரும் பண்ற தப்புதான் அது. டிஸ்க்கு தட்ட ஆரம்பிச்சா மொதல்ல நகல் எடுக்கணும், ரிப்பேர்ல கை வைக்கவே கூடாது. ஆனா ஒடம்பு அங்கியேதான் கெடக்கும். பேரில்லாம."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. சுவரிலிருந்த படத்தைப் பார்க்காமல் ஸ்க்ரூ டிரைவரைத் தேட ஆரம்பித்தான்.

"அப்பிடித் தேடிக் கெடச்சத எங்க வைப்பாங்க?" என்றார் சகாயராணி.

"எங்க வேணா வைக்கலாம், அதே டிஸ்க்ல மட்டும் வைக்கக் கூடாது. அடியில கெடக்குறதுமேலியே எழுதி, மிச்சத்தையும் அழிச்சிடும். சாப்ட்வேரே கேக்கும், வேற டிஸ்க் எங்கன்னு."

"சரி. வேற டிஸ்க் எங்க?"

இருசப்பன் திருதிருவென்று விழித்தான். அப்புறம் மேஜைக்கு அடியில் தவழ்ந்து, கேபினெட்டுக்குப் பின்னால் கையை விட்டான். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே, ஒட்டடைக்குள், கைக்கு அடக்கமான ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க், கேபிளோடு தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கறுப்பு முதுகில் காய்ந்து வெடித்த சந்தனம். சந்தனத்தின் நடுவில் குங்குமம்.

"ஆயுத பூசப் பொட்டு!" என்றான் இருசப்பன். "நல்ல வேளக்கா, பொரியும் வச்சிருந்தா எறும்பு தின்னிருக்கும்."

புவனேஸ்வரி சிரிக்கவில்லை. அருகில் வந்து பார்த்தாள். "இது எங்க வூட்டுது இல்லியே."

"நல்லா தெரியுமா?"

"இத நான் பாத்ததே இல்ல. பொட்டும் நாங்க வைக்கல. பாப்பா போனதால இந்த வருசம் பூசயும் இல்ல, தீவாளியும் இல்ல, பொங்கலும் இல்ல. எங்க வூட்டுல மட்டும் இல்லம்மா, தெருவே பங்காளிங்க வூடுதான். எல்லாருக்கும் துக்கம். எவரும் ஒரு கத்திக்குக்கூட பொட்டு வைக்கல."

சகாயராணி டிஸ்கை வாங்கிப் பொட்டைப் பார்த்தார். திருப்பி, அடியில் கடைக்காரன் ஒட்டியிருந்த சிறிய ஸ்டிக்கரையும் நிதானமாகப் படித்தார். கைப்பையிலிருந்து ஒரு சீரகமிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மேடம் சீரகமிட்டாய் போட்டால் யாருக்கோ கெட்ட நேரம் என்பது இருசப்பனின் அனுபவம்.

"இத உன் லேப்டாப்புல போட்டுப் பாரு."

போட்டான். உள்ளே ஒரே ஒரு ஃபோல்டர். திறந்தால் பேரில்லாத பைல்கள், நம்பர் நம்பராக. எல்லாவற்றுக்கும் ஒரே தேதி. அந்தத் தேதியைப் பார்த்த புவனேஸ்வரி சுவரோடு சாய்ந்துவிட்டாள். அவள் புருஷன் செத்த நாள் அது.

"கடைசி பைலு சாயங்காலம் சேவ் ஆயிருக்கு," என்றான் இருசப்பன் மெதுவாக. "அதுவர இங்கதான் ஒக்காந்திருந்திருக்கார்." அவன் காதில் ஹெட்போனை மாட்டி ஒரு பைலைத் திறந்தான். சில விநாடிகள் கேட்டான். ஹெட்போனைக் கழற்றும்போது அவன் கண் கலங்கியிருந்தது. "மேடம்..."

"அத அப்பறம் பாக்கலாம்," என்று சகாயராணி அவன் கையை அமுக்கினார். "புவனேஸ்வரி, உங்க அண்ணன் வூட்டுல பூச உண்டா?"

"உண்டே. அவரு என் பொறந்த வழி ஒறவு. இவங்களுக்குப் பங்காளி இல்ல, துக்கமும் இல்ல. டிராக்டருக்கு வாழக்கன்னெல்லாம் கட்டி..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். பொட்டு வைத்த டிஸ்கைத் திரும்பிப் பார்த்தாள்.

"போன் போடு. கம்ப்யூட்டர எடுத்துக்கினு போவச் சொல்லு. எங்களப் பத்திப் பேசாத."

அவள் போன் பேசும்போது சகாயராணி கொல்லைப் பக்கம் போய், இன்னொரு போன் பேசினார்.

---

தமிழ்க்குமரன் உடனே வந்தான். ஆலைக்குப் போக வேண்டிய கரும்பை அப்படியே வயலில் போட்டுவிட்டு, காலி டிரெய்லரோடு டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்தான். நாற்பது வயது, கனத்த உடம்பு, தங்கையிடம் உண்மையாகவே பாசம் காட்டுகிற முகம். அவன் உள்ளே நுழைந்த நேரத்தில் சகாயராணி கொல்லை வழியாக வெளியே போய், டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். வந்து அம்மிக்கல் மாதிரி அசையாமல் உட்கார்ந்துகொண்டார்.

"யாரு புவனா இவங்க?"

"பேய் ஓட்டுறவங்க," என்றான் இருசப்பன் முந்திக்கொண்டு. "நான் மிஷின் பக்கம், அவங்க மனுசப் பக்கம்."

"நல்லதாப் போச்சி. நான் எடுத்துக்கினு போயிடறேன். இத வூட்டுல வச்சிக்கினு இவ தூங்குறதே இல்லீங்க."

"எடுத்துக்கினு போ தம்பி," என்றார் சகாயராணி. "ஆனா இந்த டிஸ்க்கு மட்டும் யாருதுன்னு தெரியல. பின்னாடி சொருவியிருந்துச்சி. போலீஸ்ல குடுத்தா யாருதுன்னு கண்டுபுடிச்சிடுவாங்க, குடுத்துடலாமா?"

பொட்டு வைத்த டிஸ்கை மேஜைமேல் வைத்தார். தமிழ்க்குமரன் அதைப் பார்த்த பார்வை, பார்க்கக் கூடாததைப் பார்த்தவனின் பார்வை. பேய் பார்த்தால் முகம் எப்படிப் போகும் என்று இருசப்பன் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டான்.

"அதுக்கு எதுக்குங்க போலீசு? என்துதான். காரைக்கால்ல படிக்கிற பையனுக்கு வாங்கினேன். மணிவண்ணன் கேட்டான், குடுத்தேன்."

"எப்ப?"

"அதாச்சி ரொம்ப நாளு. பாப்பா இருக்கும்போதே. ஆடிக்கு முன்னாடி. அதுக்கப்புறம்தான் நான் இந்தப் படியே ஏறலியே."

"ஆடிக்கு முன்னாடியே இங்க வந்துட்டுதுன்னா, பூசப் பொட்டு யாரு வச்சா? இந்த வூட்டுல இந்த வருசம் பூச இல்லியே."

"அது... அது அதுக்கு முந்தின வருசப் பூசப் பொட்டுங்க. எங்க வூட்டுலியே வச்சது."

"அப்பிடியா?" சகாயராணி டிஸ்கைத் திருப்பி வைத்தார். "கடைக்காரன் வித்த தேதிய எழுதி ஒட்டியிருக்கான் பாரு. ஆகஸ்ட்டு கடைசி. புள்ள ஆடி பொறந்ததும் போயிட்டா. நீ ஆவணில வாங்கின டிஸ்க்க, ஆடிக்கு முன்னாடி குடுத்திருக்க. முந்தின வருசமே பொட்டு வேற வச்சிருக்க."

தமிழ்க்குமரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"தேதி மறந்திருக்கும்ங்க. பூசைக்கு அப்பறம் எப்பவாவது..."

"மறந்திருக்கும். ஆனா இத்தன நாளா நீ இந்த டிஸ்க்க கேட்டு வாங்கல. மிஷினோட கடாசப் பாத்த. ஏன்னா, அவன் செத்த அன்னிக்குக் காலைல உங்கிட்ட வந்து இத வாங்கிக்கினு போனான். புள்ள கொரல தேடி எடுக்கப் போறேன்னு சொன்னான். அது தெரிஞ்சா, சாவப் போற ஆளுன்னு நீ எழுதிக் குடுத்தது பொய்யாயிடும். செரி, எதுக்குப் பொய் சொன்ன? அத உன் டிரெய்லர்கிட்ட கேட்டேன்."

"டிரெய்லரா?"

"பின் பலகைங்க மூணு. ரெண்டு ஓரப் பலகைலயும் பூசப் பொட்டு இருக்கு. நடுப் பலகை புதுசு, அதுல பொட்டு இல்ல. பொட்டு வைக்கிறவங்க ஓரத்துல ரெண்டு வச்சிட்டு நடுவுல வுடுவாங்களா? பூசைக்கு அப்பறம் பின்னாடி எதுவோ வந்து மோதி, பலகை ஒடஞ்சி, மாத்தியிருக்க. மாத்துனப்போ செவப்பு ரிப்ளெக்டரும் புதுசா ஒட்டியிருக்க. அதுக்கு முன்னாடி அது இல்ல. இருக்கக் கூடாத எடத்துல ஒரு பொட்டு. இருக்க வேண்டிய எடத்துல ஒண்ணு இல்ல. அவ்வளவுதாம்பா விஷயம்."

புவனேஸ்வரி எழுந்து அவன் எதிரே வந்து நின்றாள். கத்தவில்லை.

"அண்ணா. சொல்லு."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவன் உடைந்தான். தொப்பென்று தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

"கரும்பு லோடு புவனா... வாய்க்கா ரோட்டுல டயர் வெடிச்சிப் போச்சி. நடு ரோட்டுலியே நிறுத்திட்டேன். பின்னாடி லைட்டு இல்ல. பொழுது சாஞ்சிக்கினு இருந்துச்சி. வேகமா வந்தான். சந்தோசமா வந்தாம்மா, பாட்டுப் பாடிக்கினு... நேரா வந்து அடிச்சிட்டான்."

"உயிரு இருந்துச்சா?"

அவன் முகத்திலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் மறுபடி கேட்டாள். அதே குரல்.

"இருந்துச்சி. கொஞ்ச நேரம். 'பாப்பா பேசறாடா தமிழு, புவனாவ கூட்டியாரப் போறேன்'னான். போன கைல எடுத்தேன். ஆம்புலன்ஸ்க்கு அடிக்க எடுத்தேன் புவனா, சத்தியமா. லைசென்ஸ் இல்ல, லைட்டு இல்ல, ஜெயிலுக்குப் போயிட்டா பையன் படிப்பு... யோசிச்சிக்கினே நின்னுட்டேன். பாத்தா, அடங்கிட்டான். அப்பறந்தான் வாய்க்கால்ல..."

இருசப்பனுக்கு வாயில் வழக்கமாக வருகிற கிண்டல் ஒன்றுகூட வரவில்லை. இவ்வளவு நேரம் பேய்க்குப் பயந்தோமே, பயப்பட வேண்டியது இவனைப் பார்த்தல்லவா என்று ஆத்திரமாக வந்தது. யோசித்துக்கொண்டே நின்றானாம். ஒரு மனிதன் சாகிற நேரம் முழுக்க.

"என்ன ஒரு வார்த்த சொன்னியா அண்ணா?" என்றாள் புவனேஸ்வரி. "நாந்தான் கொன்னேன்னு நான் ஒங்கிட்ட அழுதப்ப, என் தலய தடவிக் குடுத்தியே. அப்பக்கூட உன் வாயில வரலியே."

வாசலில் ஜீப் வந்து நின்றது. சகாயராணி கொல்லைப் பக்கத்திலிருந்து பேசிய போனுக்கு வந்த ஜீப் அது. தமிழ்க்குமரன் தானாகவே எழுந்து போய் ஏறிக்கொண்டான். பங்காளிகள் தெருவெல்லாம் வந்து நின்று பார்த்தார்கள். டிராக்டர் மட்டும் வாசலில் நின்றது.

---

இருசப்பன் லேப்டாப்பைப் புவனேஸ்வரி முன்னால் வைத்தான். "அக்கா, பாக்க தைரியம் இருந்தா பாருங்க. உங்க வூட்டுக்காரர் கடைசியா பாத்தது இதாத்தான் இருக்கும்."

அவள் தலையசைத்தாள்.

திரையில் இதே வீட்டுச் சமையல்கட்டு. படம் ஆடுகிறது. அதை எடுப்பது பிள்ளை என்று குரலில் தெரிகிறது. அடுப்புக்கு முன்னால் புவனேஸ்வரி, நெற்றியில் பொட்டோடு, கையில் கரண்டியோடு.

"அம்மா சிரி, வீடியோ ஓடுது."

"போடி அந்தாண்ட, படிக்கிறத வுட்டுட்டு. உங்கப்பன மாதிரியே வேலவெட்டி இல்லாம. ரெண்டு பேரும் எங்கியாவது போய்த் தொலைங்க, நானாச்சும் நிம்மதியா இருக்கேன்!"

"அப்பா, அம்மா நம்பள போவச் சொல்லுது."

படம் திரும்புகிறது. மணிவண்ணன், துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு, சிரித்தபடி.

"ஒங்கம்மா வாயி அப்பிடித்தான் பாப்பா. அது சும்மா சொல்றது. அந்தப் பக்கம் தோச சுட்டு வச்சிருக்கும் பாரு நம்பளுக்கு."

படம் மறுபடி அடுப்புப் பக்கம் போகிறது. தட்டில் தோசை. கரண்டியை ஓங்கிக்கொண்டு, அடக்க முடியாமல் சிரிக்கிற புவனேஸ்வரி. பிள்ளையின் சிரிப்புச் சத்தத்தோடு வீடியோ நின்றது.

புவனேஸ்வரி அழுதாள். வாய்விட்டு, குலுங்கிக் குலுங்கி. இத்தனை நாளும் நெஞ்சுக்குள் ஒளித்து வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. சகாயராணி அவளைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். தேற்ற வார்த்தை எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை மணிவண்ணனே சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

செத்துக்கொண்டிருந்த டிஸ்கைக் கழற்றி எடுத்துவிட்டு, தன் பையிலிருந்த நல்ல டிஸ்கை இருசப்பன் அந்தக் கம்ப்யூட்டரில் மாட்டினான். பேரில்லாமல் கிடந்த பைல்களை அதில் ஏற்றினான். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, புவனேஸ்வரி சொல்லச் சொல்ல, பேர் வைத்தான். பாப்பா பொறந்த நாளு. பாப்பா மொத சைக்கிளு. பாப்பா, அப்பா, தோச. டக் டக் சத்தம் இனி வராது. பொட்டு வைத்த டிஸ்க், போலீஸ் கவருக்குள் போய்விட்டது.

வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எல்லாம் முடித்து, கடைசியாக அந்த நீலத் திரையைத் திறந்தான் இருசப்பன்.

"அக்கா, கரண்ட் வந்தா தானா ஆன் ஆவுற செட்டிங்க எடுத்துடறேன். இனிமே பயமுறுத்தாது."

புவனேஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, அவன் கையைத் தடுத்தாள்.

"வேணாம் தம்பி. அவரு வச்சது, அப்பிடியே இருக்கட்டும். எப்ப கரண்ட் வந்தாலும் எழுந்துக்கட்டும். நான் கதவத் தொறந்தே வைக்கிறேன்."